முக்காணிப் பாலத்தடியில் பூச்சித் தூண்டில்

என் தங்கை பார்வதி இந்தியாவிலிருந்து எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் மீன் இருந்தது. ‘இவர் நேற்று ஆற்றில் கை நீளத்துக்கு ஒரு கொடுவா பிடித்தார் அண்ணே.’ ‘இந்த ஆறு நம் ஊர் ஓடையைப் போலப் பத்து மடங்கு. இவருக்குப் பிடித்துப் போய்விட்டது.’ நுவரெலியாவில், மீன் குஞ்சு பொரிக்கும் தொட்டிகளை ஒட்டிய ஆபீஸ் அறையில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து இதையெல்லாம் வாசிப்பேன். வாசித்து முடிக்கும்போது நெஞ்சில் ஒரு பாரம் குறைந்திருக்கும். கடைசிக் கடிதத்தில், பூச்சிகள் தீர்ந்துவிட்டன, அண்ணன் கட்டி அனுப்பினால் நல்லது என்று எழுதியிருந்தாள். தபாலில் அனுப்புவதற்குப் பதில் நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பூச்சி என்றால் நிஜப் பூச்சி இல்லை. கோழியின் கழுத்து இறகையும் பட்டு நூலையும் சின்னத் தூண்டில் முள்ளில் சுற்றி, ஈயைப் போலவோ தும்பியைப் போலவோ கட்டுவது. எங்கள் மலை ஓடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் வளர்த்துவிட்ட ட்ரவுட் மீன்கள் புழுவைத் திரும்பிப் பார்க்காது. இந்தப் பூச்சிக்குத்தான் எழும்பும். பார்வதியின் கணவர் முத்தையா அந்த ஓடைக்குப் பதினாறு வருடம் காவல்காரராக இருந்தவர். துரைமாருக்கு வலை தூக்கிக்கொண்டு போய்ப் போய், அவர்களைவிட நன்றாகத் தூண்டில் வீசப் பழகிவிட்டார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கிறது என்று சொல்லுவார். கிளம்பிப்போன துரை ஒருவர் தன் தூண்டில் கம்பையே அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மலையகத் தமிழரில் யார் இலங்கைக் குடிமக்கள், யார் இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் என்று முடிவு செய்ய அரசாங்கம் விண்ணப்பம் வாங்கியது. முத்தையாவுக்கு எழுதத் தெரியாது. அவருடைய பாரத்தை நான்தான் நிரப்பினேன். இந்தியா என்று போட்டால் சீக்கிரம் கிடைக்கும், அங்கே நிலமும் கடனும் தருகிறார்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு இந்தியா என்று எழுதினேன். எனக்கு வேலை நிலையானது என்பதால் இலங்கை என்று எழுதிக்கொண்டேன். இரண்டும் கிடைத்தன. அந்தக் கடிதங்களில் மீனைப் பார்க்கும்போதெல்லாம் என் பாரம் குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

தூத்துக்குடியில் காலை ஒன்பது மணிக்கே வெயில் முகத்தில் அறைந்தது. சித்திரை மாதம். எங்கள் ஊரில் இதுதான் ட்ரவுட்டுக்கு நல்ல காலம். ஓடையில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். இங்கே குழாயில் முகம் கழுவியபோது வெந்நீர் வந்தது. ஒரு கடையில் டீ வாங்கிக் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது, அந்தத் தூள் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கும்போது. ஆனால் பக்கத்துப் பேக்கரியில் மக்ரூன் என்று ஒன்று விற்றார்கள். முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுட்டது. வாயில் போட்டதும் இருந்த இடம் தெரியவில்லை. பார்வதிக்கு ஒரு பொட்டலம் வாங்கினேன்.

திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். முள்ளக்காடு தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து, பஸ் நின்றது. இரண்டு பக்கமும் உப்பளம். கண் கூசும் வெள்ளை. ஒரு மரம் கிடையாது. கண்டக்டர் ஒவ்வொரு ஆளாகத் தண்ணீர் கேட்டு வந்தார். என் பிளாஸ்கையும் கொடுத்தேன்.

“நீரு எங்கவே போறீரு?” என்றார்.

“பழையகாயல். என் மச்சான் அங்கே ஆற்றில் மீன் பிடிக்கிறார்.”

அவர் பிளாஸ்கைக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டே டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டீரா அண்ணாச்சி? ஆத்துல மீன் பிடிக்காராம். ஆத்துல தண்ணி எங்கன கெடக்கு, மீன் கெடக்கதுக்கு!”

ஊர்க்காரர்கள் வெளியூரானைச் சீண்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பழையகாயலில் வீட்டைக் கண்டுபிடித்தபோது கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா உப்பளத்துக்கு வழி காட்டினார். பாத்தி வரப்புகளில் பெண்கள் வரிசையாக உப்புப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் முகத்தைத் துணியால் சுற்றியிருந்ததால் யார் என் தங்கை என்று தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது. பெட்டியைக் குவியலில் கொட்டிவிட்டு, அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கிட்டே போனேன். கால் விரல்களுக்கு நடுவே தோல் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி, பாதம் ஒரு கிழவியின் பாதம் போல இருந்தது. அவளுக்கு வயது முப்பத்தொன்று.

“சொல்லாமக் கொள்ளாம ஏன்ணே வந்தீங்க?” என்றாள்.

“முத்தையா எங்கே?”

“ஆத்துல.”

“மீன் பிடிக்கவா?”

துணியை இறக்கி முகத்தைத் துடைத்தாள். “ஆத்துல நிக்கிறாருண்ணே” என்றாள்.

அன்று மாலை முக்காணிப் பாலத்துக்கு நடந்து போனேன். கடிதங்களில் பத்து மடங்கு பெரிதாக இருந்த தாமிரபரணி, பாலத்தின் மேலிருந்து பார்க்கும்போது மணலாகக் கிடந்தது. நடுவே வாய்க்கால் அளவுக்கு ஒரு தண்ணீர். பாலத்துத் தூண்களின் அடியில் மட்டும் ஒரு குட்டை, பச்சைப் பாசி பிடித்து. அதன் ஓரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். குட்டையில் கணுக்கால் நனைய முத்தையா நின்றிருந்தார். கம்பு பின்னால் போனது, ஒரு கணம் நின்றது, முன்னால் வந்தது. நூல் வளைந்து, நீண்டு, சத்தமில்லாமல் தண்ணீர் மேல் படுத்தது. நுவரெலியாவில் அதைப் பார்க்கத் துரைமார் நின்றுவிடுவார்கள். அத்தனை அழகாக வீசினார். இழுத்தார். மறுபடி வீசினார். நூலின் நுனியில் பூச்சி இல்லை. வெறும் நூல்.

நான் இறங்கிப் போய்த் தண்ணீரில் கை வைத்தேன். அந்தச் சூட்டில் எங்கள் மலை மீன் எதுவும் ஒரு மணி நேரம் உயிரோடு இருக்காது.

“வாங்க மச்சான்” என்றார், நான் நேற்றுத்தான் போய்விட்டு வந்தவன் போல. “தண்ணி கொஞ்சம் சூடா இருக்கு. அந்திக்கு ஆறிடும்.”

துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம், “நீங்க அவாளுக்கு வேண்டியவியளா? விடிஞ்சா வாராரு, பொழுதடைஞ்சா போறாரு. நாங்களும் சொல்லிப் பாத்தாச்சு. ஒரு கெண்டப் பொடி கூடக் கெடையாது இங்கன” என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் காலை பார்வதியோடு உப்பளம் வரை நடந்தேன். முதல் நாள் கொடுத்த மக்ரூன் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை என்பதைக் கவனித்திருந்தேன். வழியில் அவளாகவே சொன்னாள்.

“அது எல்லாம் நான் எழுதினதுண்ணே. மீனே கிடையாது. வந்த முதல் மாசம் கடலுக்குப் போறேன்னு கரையில போயிக் கேட்டாரு. கடல் தெரியாதவங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னுட்டாங்க. உப்பளத்துக்கு வந்தாரு. ரெண்டு நாள்ல கண்ணு எரியுதுன்னுட்டு நின்னுட்டாரு. அப்புறம் கம்பை எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போனவருதான்.”

“நிஜத்தை எழுதியிருக்கலாமே பார்வதி.”

“எழுதி?” அவள் நின்று என்னைப் பார்த்தாள். “அந்தப் பாரத்தை நிரப்பினது நீங்க. நான் நிஜத்தை எழுதினா நீங்க தாங்குவீங்களா?”

அவள் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டாள். வரப்பில் வெகு நேரம் நின்றேன். உப்பு விளைவதற்கு இது நல்ல வெயில் என்று மேஸ்திரி ஒருவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு மீன் வேண்டும். உண்மையான ஒரு மீன் அந்தக் கம்பில் மாட்டினால் மனிதர் தெளிந்துவிடுவார், மீன் உள்ள இடம் தெரிந்தால் அதை வைத்துப் பிழைத்துக்கொள்வார் என்று எனக்குப் பட்டது. இப்போது நினைத்தால், அது முத்தையாவுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

மேலே அணைக்கட்டில் தண்ணீர் நிற்கிறது என்றார்கள். மறுநாள் முத்தையாவையும் கூட்டிக்கொண்டு ஏரல் போய், பஸ் மாறி, ஆழ்வார்திருநகரி தாண்டி ஸ்ரீவைகுண்டம் போனேன். பஸ்ஸில் கம்பை வைக்க இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டே வந்தார். எதிரே வந்த வாழைத்தார் லாரியில் அது உரசி, நுனி வளையம் ஒன்று பிய்ந்துபோனது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கருப்பட்டி மூட்டையோடு உட்கார்ந்திருந்த உடன்குடி வியாபாரி ஒருவர் தன் மூட்டையை மடிக்கு ஏற்றிக்கொண்டு, “இங்கன வையும் தம்பி” என்று கீழே இடம் விட்டார். இறங்கும் வரை அந்த மூட்டை அவர் மடியிலேயே இருந்தது.

அணைக்குமேல் தண்ணீர் இருந்தது உண்மை. அசையாத தண்ணீர். ஆகாயத் தாமரை பாதியை மூடியிருந்தது. மீதியில் எருமைகள். நிழலான ஓர் இடம் பார்த்து, கறுப்பு இறகில் கட்டிய சின்னப் பூச்சியைக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் வீசினார். கடைசியில் விரல் நீளத்தில் ஒரு கெண்டை மாட்டியது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “அளவு பத்தாது” என்று தண்ணீரில் விட்டார். ஓடையில் பத்து அங்குலத்துக்குக் குறைந்த மீனை யாரும் எடுக்கக்கூடாது என்பது சட்டம். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலையாக இருந்தது. ஆனால் கெண்டையை விடும்போது லேசாகச் சிரித்தார். அது போதும் என்று நினைத்தேன். கரையில் பதநீர் வாங்கி இரண்டு பேரும் பனை ஓலைப் பட்டையில் குடித்தோம். பதநீர் விற்றவர், “பெரிய மீனுன்னா புன்னக்காயலுக்குப் போங்க. ஆறு கடல்ல சேருத எடத்துல கொடுவா ஏறி வரும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்கு லீவு. மூன்று பேரும் புன்னைக்காயல் போனோம். பார்வதி அதிகாலையிலேயே எழுந்து மிளகாயும் தேங்காயும் மல்லியும் அரைத்து, ஒரு தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டாள். சோறும் புளியும் தனியாக. மீன் கிடைக்கும் என்று அவள் நம்புகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

புன்னைக்காயலில் மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த தொம்மை என்பவரிடம் போய் நின்றோம். ஐம்பது வயதிருக்கும். இளவட்டத்தில் முத்துக் குளித்தவராம். சிப்பி இல்லாமல் போய்ப் பல வருடமாகிறது, இப்போது வலைதான் என்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கம்பைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார்.

“ஏலே, இது எங்கன தாங்கும்? கொடுவா ஒரு ஆட்டு ஆட்டுனா முறிஞ்சிரும்.”

“முறியாது” என்றார் முத்தையா. இந்தியா வந்தபின் ஒரு கடற்கரைக்காரரிடம் அவர் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பார்வதி பிற்பாடு சொன்னாள்.

நான் கட்டிக்கொண்டு வந்த பூச்சிகளைக் காட்டினேன். தொம்மை சிரித்தார். “இத கொடுவா மோந்து கூடப் பாக்காது. அது மீனத் தின்னுத மீனு. வெள்ளையா, வெரல் நீளத்துக்கு வேணும்.” அவர் மனைவி ஒரு வெள்ளைச் சேவலைப் பிடித்துக் கொடுத்தார். நாலு இறகு எடுத்து, தொம்மையின் பெரிய முள்ளில் அங்கேயே உட்கார்ந்து கட்டினேன். இரண்டு தரம் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும் நேரம். தொம்மை எங்களை வள்ளத்தில் ஏற்றி, முகத்துவாரத்து மணல் திட்டில் இறக்கிவிட்டார். அங்கேதான் நான் அந்தப் பயணத்தில் முதல் முறையாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்தேன். கடலிலிருந்து கலங்கிய பச்சைத் தண்ணீர் ஆற்றுப் பக்கம் சுழித்துக்கொண்டு வந்தது. முத்தையா வெகு நேரம் வீசாமல் தண்ணீரையே பார்த்தார். பிறகு ஒரு சுழிப்பைக் காட்டி, “அங்க நிக்கிது மச்சான்” என்றார். பழைய குரல்.

நாலாவது வீச்சில் கொடுவா அடித்தது. தண்ணீருக்கு மேலே முழு உடம்பும் எழும்பித் தலையை உதறியது. வெயிலில் ஒரு வெள்ளித் தகடு. கம்பு அரைவட்டமாக வளைந்தது. ரீல் அலறியது. முத்தையா நூலை விட்டுக் கொடுத்துக்கொண்டே திட்டின் ஓரமாக ஓடினார். நின்றார். சுற்றினார். மறுபடி விட்டார். “விடாதல! விடாதல! தலையைத் தூக்கு!” என்று தொம்மை வள்ளத்திலிருந்து கத்தினார். அக்கரையில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பார்வதி தூக்குச் சட்டியை மணலில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, எனக்குத் தெரியவில்லை. மீன் களைத்து ஓரத்துக்கு வந்தபோது அவர் முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, அதன் கீழ்த்தாடையைத் துணி சுற்றிய கையால் பிடித்தார். ஒரு ஆள் கையைவிட நீளம். பார்வதி கடிதத்தில் எழுதியதைவிடப் பெரிய மீன்.

“பிடிச்சிட்டீங்க மாப்ளே” என்று நான் கத்தினேன். அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் முள்ளைக் கழற்றினார். மீனை இரண்டு கையாலும் தாங்கி, தலையை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி வைத்தார். களைத்த ட்ரவுட்டுக்கு மூச்சு வரவைக்க அப்படித்தான் செய்வோம். “என்ன செய்றீங்க?” என்றாள் பார்வதி. அவர் திரும்பவில்லை. மீனின் செவுள் இரண்டு மூன்று தரம் அசைந்தது. கையை எடுத்தார். மீன் ஒரு கணம் அதே இடத்தில் நின்றது. பிறகு இல்லை.

தொம்மை, “அட கிறுக்குப் பயலே” என்றார், மெதுவாக. அக்கரையில் சிரிப்புக் கேட்டது. சிலர் கோபமாக ஏதோ கத்தினார்கள். முத்தையா கம்பைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பார்வதி மணலில் உட்கார்ந்தாள். தூக்குச் சட்டியைத் திறந்து, அரைத்த மசாலாவைப் புளி விட்டுச் சோற்றில் பிசைந்து, மூன்று பேருக்கும் இலையில் வைத்தாள். சாப்பிட்டோம். காரம் தொண்டையை எரித்தது. எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைக் காரணமாக வைத்துக்கொண்டோம். தொம்மை எங்களைத் திரும்பக் கொண்டுவிடும்போது, தன் வீட்டிலிருந்து நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைப் பார்வதியிடம் கொடுத்தார். “வச்சுக்க ஏளா” என்றார்.

மறுநாள் நான் கிளம்பினேன். பார்வதி விடிவதற்குள் உப்பளம் போய்விட்டாள். போகும்முன் வாசலில் விடைபெற்றுக்கொண்டபோது என் கையைப் பிடித்து, “நல்லா இருக்கோம்ணே” என்று சொன்னாள். என் பையைத் தூக்கிக்கொண்டு முத்தையாதான் பஸ் நிறுத்தம் வரை வந்தார். பஸ் வர நேரமாயிற்று. புளிய மரத்தடியில் நின்றோம்.

“அந்த மீனை ஏன் விட்டேன்னு நீங்க கேக்கவே இல்லையே மச்சான்” என்றார்.

“கேட்டு என்ன ஆகப்போகுது?”

“எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க. பாலத்துக்கடியில மீன் இல்லைன்னு முதல் நாளே எனக்குத் தெரியும். தண்ணியைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? அதனாலதான் அங்க போயி நிக்கிறேன்.”

எனக்குப் புரியவில்லை. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மீன் கிடைக்காத வரைக்கும் இது வேற யாரோடயோ ஆறுதான் மச்சான். ஒண்ணைப் பிடிச்சு, பார்வதி ஆக்கி, நான் தின்னுட்டேன்னா அப்புறம் இதுதான் நம்ம ஆறு. அப்புறம் நம்ம மலைக்குத் திரும்பிப் போக முடியாது.”

அத்தனை நாளும் நான் பயந்துகொண்டிருந்த வார்த்தை அதுதான். சொல்லிவிட்டேன். “எப்படியும் போக முடியாது முத்தையா. மீனைத் தின்னாலும் தின்னாட்டியும் இனி அங்கே போகவே முடியாது.”

அவர் அதிர்ச்சி அடைவார் என்று பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினார், நான் ஏதோ பஸ் நேரம் சொன்ன மாதிரி.

“நீங்க சொல்றீங்க. பார்வதி இன்னும் சொல்லல. திரும்ப முடியாதுன்னு அவ ஒரு வார்த்தை சொல்லட்டும் மச்சான், நான் நாளைக்கே உப்பளத்துக்குப் போறேன்.”

பஸ் வந்தது. பையை உள்ளே வைத்துவிட்டு, “ஏறுங்க, இடம் போயிடும்” என்றார். கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்கே நிஜத்தை எழுதாத பார்வதி அவரிடம் அதைச் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.